நடுத்தெருவில் இருக்கிற கடைசி வீடு

முதலில் பெயரைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அநியாயம் பண்ணினது சபைச் செயலாளர் எஸ்றா. நம்ம ரைஸ்மில் எஸ்றாதான், வேறு யாரும் இல்லை. ஏம்மா லில்லி, நீ அவனுக்கு மருமகள், அதனால் உன் முகத்துக்கு நேராகவே சொல்கிறேன். வீட்டுக்குப் போனதும் சொல்லிக்கொள்.

நாளைக்கு அசனம். ஊரே வேதக்கோயிலில் விருந்துக்குப் பந்தி உட்காரும். கோயில் வளாகத்தில் வெயில் கொளுத்துகிறது என்று நீங்கள் எல்லாரும் என் வீட்டு வேம்பு நிழலில் வந்து வெங்காயம் உரிக்கிறீர்கள். உரியுங்கள், நிழல் எல்லாருக்கும்தான். ஆனால் உரித்து முடிக்கிறவரைக்கும் இந்தக் கதையைக் கேட்டுத்தான் ஆகணும்.

“ஏசுறத ஏசுங்க மாமா. நாளைக்குச் சாப்பிட வருவியளா மாட்டியளா? அதச் சொல்லுங்க.”

அதைக் கடைசியில் சொல்கிறேன் லில்லி. இப்போது கேள்.

இந்தக் கருக்குவிளையில் ரோடு வருவதற்கு முன்னே, கரண்டு வருவதற்கு முன்னே, பனை மட்டும் நின்ற காலத்தில், வேதக்கண் என்று ஒருத்தர் இருந்தாராம். என் அப்பாவுக்குத் தாத்தா, எனக்குப் பூட்டன். பனையேறி. ஆள் கட்டை, கோபம் நெட்டை என்று சொல்வார்கள்.

அப்போது கோயில் மண்சுவர்தான். மேலே ஓலை. உருப்படியாக இருந்தது மணி ஒன்றுதான். தூத்துக்குடியில் உடைத்த ஏதோ கப்பலின் மணியாம். அதைத் தொங்கவிட மரம் இல்லை என்று சபை கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது, வேதக்கண் தன் விளையில் நின்ற நல்ல வைரம் பாய்ந்த பனையை வெட்டி, இரண்டு தூணாக நட்டுக் கொடுத்தாராம். இப்போதும் நிற்கிறதே, அதே தூண்தான். எஸ்றா பெயின்ட் அடித்து வைத்திருக்கிறான், உங்களுக்கு அடையாளம் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மூன்று தடவை மணி அடிக்கும். முதல் மணிக்குக் குளிக்கணும். இரண்டாவது மணிக்கு வேட்டி மாற்றணும். மூன்றாவது மணிக்குக் கோயிலுக்குள் இருக்கணும். மூன்றாவது மணி அடித்துவிட்டால் கதவைச் சாத்திவிடுவார்களாம். அதற்குப் பிறகு யாருக்கும் திறப்பது கிடையாது.

ஆனால் பனைக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியுமா? பாளையைத் தினமும் சீவணும். ஒரு நாள் விட்டால் பதனீர் நின்றுபோகும். வேதக்கண்ணுக்கு மரம் அதிகம். எவ்வளவு விரசாக ஏறினாலும் கடைசி மரத்திலிருந்து இறங்க நேரமாகிவிடுமாம். அதனால் அப்போது சபைக்குப் போதகராக இருந்த அருமைநாயகம் ஐயர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். அங்கியை மாட்டிக்கொண்டு வாசலில் வந்து நிற்பார். பனங்காட்டைப் பார்ப்பார்.

“வேதக்கண் இறங்கியாச்சா?”

கோயில்குட்டி, அதுதான் மணி அடிக்கிறவன், எட்டிப் பார்ப்பான். “இன்னும் இல்ல ஐயரவாள்.”

“அப்போ பொறு.”

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், “வேதக்கண் இறங்கியாச்சா?”

“இறங்கியாச்சு ஐயரவாள்.”

“அப்போ அடி.”

இப்படி வருஷக்கணக்கில் நடந்ததாம். ஒரு பனையேறிக்காக ஒரு சபையே காத்திருந்தது. வேதக்கண் அதை யாரிடமும் பெருமையாகச் சொன்னதில்லையாம். சொல்லவேண்டிய அவசியமே இல்லை, மணியே ஊருக்கெல்லாம் சொல்லிவிடும்.

அப்புறம் மிஷன் பங்களாவிலிருந்து உத்தரவு வந்தது. அருமைநாயகம் ஐயருக்கு மாற்றல். ஊரில் ஒருத்தரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. காலையில் வண்டி கட்டிப் புறப்பட்டுவிட்டாராம். வேதக்கண் அப்போது மரத்தில் இருந்தார். விழுந்தடித்து இறங்கி ஓடிவந்தால், செம்மண்ணில் வண்டித் தடம்தான் கிடந்ததாம். தடத்திலேயே கொஞ்ச தூரம் நடந்து போனாராம். எதற்குப் போனார் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

அந்தச் சனிக்கிழமை புது ஐயர் வந்தார். சத்தியநேசன் ஐயர். சின்ன வயசு, ஒல்லி, சங்கிலி போட்ட கடிகாரம். வந்ததும், “நாளைக்கு மூன்றாவது மணி கடிகாரப்படி அடிக்கும், யாரும் பிந்த வேண்டாம்” என்று சொல்லிவிட்டாராம். வேதக்கண் விஷயம் அவருக்குத் தெரியாது. யாராவது சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை? இதுவும் எனக்கு விளங்காத ஒன்று. இவன் சொல்லியிருப்பான் என்று அவனும், அவன் சொல்லியிருப்பான் என்று இவனும் இருந்துவிட்டார்கள் போல.

வேதக்கண் காதுக்குச் சேதி போனது. “எங்களக் கேக்காம அவர அனுப்புவாங்க. எங்களக் கேக்காம இவரக் கொண்டு வருவாங்க. இவரு வந்து கதவச் சாத்துவாரு. அப்படியா சங்கதி?” என்றாராம். பொழுது சாயும் முன்னே, தான் நட்ட தூணில் தானே ஏறி, மணியின் நாக்கைக் கழற்றி, இடுப்பில் கட்டியிருந்த அரிவாள் பெட்டிக்குள் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

விடிந்தது. ஞாயிற்றுக்கிழமை. மணி அடிக்கவில்லை.

அப்போது நடந்த கூத்தைக் கேளுங்கள். ஊர் முழுக்கக் குளித்து, வெள்ளை உடுத்தி, அவரவர் வாசலில் உட்கார்ந்திருக்கிறது. பொழுது ஏறிவிட்டது என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் மணி அடிக்காமல் எப்படிப் போவது? ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கிறார்கள்.

“இன்னைக்கு ஞாயித்துக்கெழமதான?”

“அப்படித்தான் நெனச்சேன். மணி அடிக்கலயே.”

“ஒருவேள சனியோ?”

“நேத்துதானவே சனி!”

கோயிலுக்குள் சத்தியநேசன் ஐயர் தனியாக நிற்கிறார். கடிகாரத்தைப் பார்க்கிறார், வாசலைப் பார்க்கிறார். கோயில்குட்டி தலையைச் சொறிந்துகொண்டு வந்து, “ஐயரவாள், மணி இருக்கு, நாக்கக் காணல” என்றானாம். வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, பாவம், அவருக்குத் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை.

அப்போது மேலேயிருந்து ஒரு சத்தம்.

“நாக்கு எங்கிட்டதான் இருக்கு!”

கோயில் வடக்குச் சுவரை ஒட்டி நின்ற பனையில், மட்டைக்கு நடுவில், வேதக்கண் உட்கார்ந்திருக்கிறார்.

“அருமைநாயகம் ஐயர் வந்து ‘இறங்கியாச்சா’ன்னு கேக்கட்டும், இறங்குதேன். அதுவரைக்கும் மணியும் கெடையாது, கோயிலும் கெடையாது!”

சத்தம் கேட்டு ஊரில் பாதி திரண்டது. மூப்பர் ஏசுவடியான் என்று ஒருத்தர், சபையில் பெரியவர்.  “கோடாலி கொண்டாங்கலே! மரத்தோட சாய்ப்போம். கோயில் மணியத் திருடினவன் சபையில இருக்கலாமா?” என்றார்.

வேதக்கண் அதைத்தான் எதிர்பார்த்துக் காத்திருந்தாராம். அரிவாளைக் கையில் எடுத்துக்கொண்டு, “வெட்டும்வே, வெட்டிப்பாரும்!” என்றார்.

அன்னபாக்கியம் என்று ஒரு அம்மாள், பதனீர் காய்ச்சுகிறவள், வேதக்கண்ணுக்கு முறைக்கு மதினி. அவளுக்கும் வேதக்கண்ணுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது, வேலித் தகராறு. அவள்தான் முன்னால் வந்தாளாம்.

“கோடாலி எதுக்கு பெரியவரே? மணிக்கு நாக்கு இல்லன்னா நமக்கு வாய் இல்லையா? வீட்டுவீடாப் போய்க் கூப்புடுவோம். இன்னும் வராத சனம் வாசல்ல காத்துக் கெடக்கு.”

“கூப்பிட்டு?”

“கூப்பிட்டுட்டு, கடைசியா இந்த ஆளையும் கூப்புடுவோம். இவரும் சபைதான?”

அப்படியே செய்தார்கள். புது ஐயரும் கூடவே போனார். ஒரு வீட்டு வாசலில் நின்று, “கோயிலுக்கு வாங்க” என்பார்கள். அந்த வீட்டார் இறங்கி இவர்களோடு சேர்ந்துகொள்வார்கள். அடுத்த வீடு. “கோயிலுக்கு வாங்க.” அடுத்த வீடு. “கோயிலுக்கு வாங்க.” படுத்த படுக்கையாகக் கிடந்த ஒரு கிழவரைக் கட்டிலோடு தூக்கி வந்தார்களாம். மணி அடித்தபோதெல்லாம் அவரை யாரும் நினைத்ததே இல்லை. போகிற வழியில் அன்னபாக்கியம் ஐயரிடம் பழைய வழக்கத்தைச் சொல்லிவிட்டாள்.

எல்லா வீடும் முடிந்து பனைக்குக் கீழே வந்து நின்றார்கள்.

“கொழுந்தனாரே, கோயிலுக்கு வாங்க.”

மேலேயிருந்து வசவு. நான் அதைச் சொல்லமாட்டேன், பெண்டுபிள்ளைகள் இருக்கிறீர்கள். ஆனால் கீழேயிருந்து ஒருத்தரும் திருப்பி ஏசவில்லை. ஏசுவடியான் வாயைத் திறந்தாராம், அவர் பெண்டாட்டி அவர் கையைப் பிடித்து அமுக்கிவிட்டாள்.

புது ஐயர் அண்ணாந்து பார்த்தார். “நான் உங்களைக் கேட்காமல் வந்தது நிஜம். என்னையும் யாரும் கேட்கவில்லை, போ என்றார்கள், வந்தேன். இப்போது கேட்கிறேன். வரலாமா?”

வேதக்கண் மட்டையை விலக்கிக் குனிந்து பார்த்தார். சண்டைக்கு என்ன பேசணும் என்று ராத்திரியெல்லாம் யோசித்து வைத்திருந்தார். இதற்கு ஒன்றும் வைத்திருக்கவில்லை.

“வரக்கூடாதுன்னா?” என்றாராம்.

“இங்கேயே நிற்கிறேன்.”

“ஆராதனை?”

“நீங்கள் இறங்கின பிறகு.”

“வெயில் ஏறுமே?”

“ஏறட்டும்.”

 யாரோ ஒரு பாட்டை எடுத்தார்கள், சேர்ந்து பாடினார்கள், முடிந்தது. வெயில் ஏறியது. பிள்ளைகள் அழுதன. வேதக்கண் மேலேயிருந்து ஒவ்வொரு தலையாகப் பார்க்கிறார். எல்லாரும் தெரிந்த தலை. யார் எதிரி என்று அவருக்கு அடையாளம் தெரியவில்லையாம். அப்போது ஏசுவடியான் தள்ளாடி மணலில் உட்கார்ந்துவிட்டார். வயசு ஆளல்லவா.

வேதக்கண்ணுக்குப் பக்கத்தில் அன்றைய பதனீர் ஒரு குடுவை நிறைய இருந்தது. அதைக் கயிற்றில் கட்டி இறக்கினாராம்.

“அந்தக் கெழட்டு மனுசனுக்கு ஊத்துங்க! செத்துத் தொலஞ்சா பழி எம்மேல வரும்!”

ஏசுவடியான் குடித்தார். மிச்சத்தை ஐயர் ஒரு வாய், அன்னபாக்கியம் ஒரு வாய் குடித்தார்கள். குடித்துவிட்டு ஐயர் மறுபடியும் அண்ணாந்து, “வரலாமா?” என்றார்.

 பிறகு, “வாரும்” என்று மட்டும் கேட்டதாம்.

ஐயர் கடிகாரத்தைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு, பக்கத்தில் நின்ற கோயில்குட்டியைப் பார்த்து, “வேதக்கண் இறங்கியாச்சா?” என்றார். இறங்கினார். தானே தூணில் ஏறி நாக்கை மாட்டினார். உச்சி வெயிலில் மூன்றாவது மணி அடித்தது.

ஏன் இறங்கினார்? வெட்கப்பட்டு இறங்கினார் என்பார்கள் சிலர். மனசு உருகி என்பார்கள் சிலர். எங்கள் அப்பா, பனையில் கட்டெறும்பு கடித்தது என்பார். அவர் ஜெயித்தாரா தோற்றாரா? அருமைநாயகம் ஐயர் திரும்ப வரவேயில்லை. இவரை யாரும் தண்டிக்கவும் இல்லை. சாகிறவரைக்கும், “என்னவே, என்ன ஒரு ஏச்சு ஏசலயே, ஏன்?” என்று ஊரில் ஒவ்வொருத்தரையும் கேட்டுக்கொண்டே திரிந்தாராம். யாரும் சரியாகப் பதில் சொல்லவில்லை. அவர்களுக்கும் தெரியாமல் இருந்திருக்கும்.

அன்றிலிருந்துதான் இந்த ஊரில் அந்த முறை. புது ஐயர் வந்த முதல் ஞாயிறு மணியின் நாக்கைக் கழற்றிவிடணும். சபை வீட்டுவீடாகப் போய்க் கூப்பிடணும். கடைசியாக வேதக்கண் வீட்டுக்கு வரணும். ஐயர் வாசலில் நின்று “வரலாமா?” என்று கேட்கணும். வீட்டுக்காரன் பதனீர் கொடுக்கணும், பதனீர் இல்லாத மாசத்தில் கருப்பட்டித் தண்ணீர். கொடுத்து, “வாரும்” என்று சொல்லணும். அதற்குப் பிறகுதான் மணி. என் வீடு கோயில் வாசலுக்கு நேர் எதிரே, தெருவுக்கு நடுவில் இருக்கிறது. ஆனாலும் தபால்காரன் முதற்கொண்டு ‘கடைசி வீடு’ என்றுதான் சொல்கிறான். புது ஆட்கள் தெருக் கோடிவரைக்கும் போய்த் தேடிவிட்டுத் திரும்பி வருகிறார்கள். காரணம் இதுதான்.

என் அப்பா சொல்லியிருக்கிறார் அந்த “வாரும்.” நானும் சொல்லியிருக்கிறேன், இதற்கு முன்னே வந்த ஐயர்களுக்கெல்லாம்.

போன மாசம் புது ஐயர் வந்தார். நான் காலையிலேயே வெள்ளைச் சட்டை போட்டு, கருப்பட்டி கரைத்து, செம்பை மூடிவைத்து, இதே இடத்தில் உட்கார்ந்திருந்தேன். திடீரென்று மணி. எதிரே தூணில் மணி அசையவில்லை, ஆனால் மணிச் சத்தம். என்னடா என்று பார்த்தால் எஸ்றா ஒலிபெருக்கியில் போட்டிருக்கிறான். “மழை வர்ற மாதிரி இருந்திச்சு அண்ணாச்சி, வீடுவீடாப் போக நேரமில்ல” என்றான் பிறகு. மழை வரவில்லை. ஐயர் இந்த வழியாகத்தான் காரில் போனார். என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவருக்கு யார் சொன்னார்கள்? நீங்கள் எல்லாரும் என் முன்னாலேயே நடந்து உள்ளே போனீர்கள். லில்லி, நீயும்தான்.

அன்றிலிருந்து எனக்கு இதே யோசனை. பூட்டன் மணியைக் கெடுத்தார், மரத்தில் ஏறி வாய்க்கு வந்தபடி ஏசினார். அவரைக் கூப்பிடச் சபையே வந்தது. நான் ஒன்றும் பண்ணவில்லை. சட்டை போட்டு உட்கார்ந்திருந்தேன். ஒருத்தரும் வரவில்லை. இதில் எது சரி என்று யாராவது படித்தவர்கள் எனக்குச் சொல்லுங்கள். நானும் ஏறியிருக்கணுமா? இந்த முழங்காலை வைத்துக்கொண்டா?

“அப்போ நாளைக்குச் சாப்பிட வரமாட்டியளா மாமா?”

அசனத்துக்கு நீ இலையில் மூன்று கறித்துண்டு வைத்தாலும் வரமாட்டேன். கோயில் வாசல் இதோ, பத்து எட்டு கூட இல்லை. ஐயர் வந்து அந்த ஒரு வார்த்தை கேட்கணும். எஸ்றா கூடவே வந்து நிற்கணும். அன்றைக்குக் கரைத்தது புளித்துப்போனது, கொட்டிவிட்டேன். காலையில் வேறு கரைத்து வைத்திருக்கிறேன். செம்பு உள்ளே மூடியிருக்கிறது, யாரும் தொடாதீர்கள்.