லைனிலேயே இருங்க, டீச்சர்

அந்த மின்விசிறியைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கள், சார். அது கடகடக்கிற கடகடப்பில் நான் சொல்வது பாதி கேட்கும், பாதி கேட்காது. அப்புறம் ஒன்று கிடக்க ஒன்றை எழுதிக்கொள்வீர்கள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் தலை நரைக்கும்வரை காதை வைத்துப் பிழைத்தவள் நான். நடுவில் இரைச்சல் வந்தால் எனக்குப் பேச்சே ஓடாது.

உங்கள் நிலையத்துக்கு என்னை யாரும் கூப்பிடவில்லை, நானாகத்தான் வந்தேன். வாசலில் பெரிய போர்டு வைத்திருந்தீர்கள். வெளியூர் போகிறவர்கள் சொல்லிவிட்டுப் போனால் ரோந்து போகும்போது வீட்டைப் பார்த்துக்கொள்வோம். கதவும் பூட்டும் சரியாக இருக்கின்றனவா என்று இலவசமாக வந்து பார்த்துச் சொல்வோம். தனியாக வசிக்கும் முதியவர்களைத் தினமும் காலையில் போனில் விசாரிப்போம். அடியில், இதற்கெல்லாம் கைகொடுக்கப் பகுதிவாசிகள் தேவை என்று எழுதியிருந்தது. ஓய்வு பெற்ற பிறகு நான் தேவை என்று சொன்ன ஒரே போர்டு அதுதான். என் மகனும் மருமகளும் கெட்டவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். வேளாவேளைக்குச் சோறு போடுவார்கள், மாத்திரை வாங்கி வைப்பார்கள். ஆனால் என்னிடம் பேசுவது சாப்பிட்டாச்சா, கேஸை மூடியாச்சா, அவ்வளவுதான். ஆச்சு என்று சொன்னால் அன்றைய பேச்சு முடிந்தது.

நீங்கள் எனக்கு ஒரு மஞ்சள் மேல்சட்டையும், கண்டெடுத்த பொருள்களைப் போட்டு வைக்கும் அறையில் ஒரு மேஜையும் கொடுத்தீர்கள். யாரும் தேடி வராத குடைகள், ஒற்றைச் செருப்பு, கண்ணில்லாத பொம்மை, நடுவில் நான். மேஜை மேல் பழைய கறுப்பு போன். அதைப் பார்த்ததும் பிறந்த வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது. வேலையும் பிரமாதமில்லை. காலையில் ஒவ்வொருவராகக் கூப்பிட வேண்டும். எடுத்தால் நல்லது. விட்டுவிட்டு மூன்று முறை அடித்தும் பதில் இல்லை என்றால் ஏட்டையாவிடம் சொல்ல வேண்டும், ரோந்து வண்டி போகும்.

பெரும்பாலானவர்கள் ஒரே வார்த்தையில் வைத்துவிடுவார்கள். ஒரு கிழவர் தொண்டையைக் கனைப்பார், அதுதான் அவர் உயிரோடு இருப்பதற்கு அத்தாட்சி. தையல் டீச்சர் மட்டும் அப்படி இல்லை. பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகளுக்குத் தையல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். முதல் நாள் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டேன். "இருக்கேன்மா. நூல் இன்னும் அறுந்துபோகல" என்றார். நான் சிரித்துவிட்டேன். அன்றிலிருந்து அவரைக் கடைசியாகத்தான் கூப்பிடுவேன், அவசரமில்லாமல் பேசலாம் அல்லவா. காஜா எடுக்கத் தெரியாமல் தன் பாவாடையையும் சேர்த்துத் தைத்துக்கொண்ட மாணவியைப் பற்றிச் சொல்வார். நான் எக்ஸ்சேஞ்சில் ஒட்டுக்கேட்ட கல்யாணச் சண்டைகளைச் சொல்வேன். எனக்கு அவர் டீச்சர், அவருக்கு நான் ஆபரேட்டரம்மா. பேச்சுத்துணை என்பார்களே, அது இதுதான் என்று எனக்கு அந்த வயதில்தான் புரிந்தது.

அப்புறம் பக்கத்து வீட்டுக்கு ஒரு நர்ஸ் குடிவந்தாள். நல்ல பெண்தான். வேலை முடிந்து வரும்போது டீச்சரை எட்டிப் பார்ப்பாள், ரத்த அழுத்தம் பார்ப்பாள், காபி போட்டுக் கொடுப்பாள். டீச்சர் அவளிடம் ஒரு சாவியும் கொடுத்து வைத்தார். என்னிடம் பேசும்போது, "அந்தப் பொண்ணு வந்திருக்கா, அப்புறம் பேசறேன்மா" என்று வைக்க ஆரம்பித்தார். நேற்று முளைத்த காளான் அவள். ஆனாலும் எனக்குக் கோபம் வரவில்லை. கவலைதான் வந்தது.

அதனால்தான் டீச்சர் வீட்டுக்குப் பூட்டுப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்தேன். ஏட்டையாவும் நானும் போனோம். வாசலில் இரும்புக் கேட்டும் அதற்கு உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் போடக்கூடிய பூட்டும் வேண்டும், கதவுக்கு மேலும் கீழும் தாழ்ப்பாள் வேண்டும் என்று ஏட்டையா சொன்னார். சாவியை வெளியாளிடம் கொடுக்கக் கூடாது என்று நான் சொன்னேன். தெரிந்தவர்களே கழுத்தை நெரித்த கதைகள் இரண்டு மூன்றைச் சொன்னேன். எதுவும் என் கற்பனை இல்லை, சார், எங்களைப் போன்ற பகுதிவாசிகளுக்கு நடத்திய கூட்டத்தில் நீங்கள் சொன்னவைதான். டீச்சர் முகம் வெளுத்துப்போயிற்று. அந்த வாரமே கேட்டும் பூட்டும் போட்டு, நர்ஸிடமிருந்து சாவியையும் திரும்ப வாங்கிவிட்டார். நர்ஸ் முகத்தில் அடித்த மாதிரி ஆகிப்போய், பிறகு அந்தப் பக்கம் அதிகம் வரவில்லை. எங்கள் பேச்சு மறுபடி நீண்டது.

எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒருநாள் டீச்சர், மகள் வந்து தன்னை அழைத்துப் போகப் போவதாகச் சொன்னார். அடுத்த வாரமே. பேத்திக்கு ஊசியில் நூல் கோக்கச் சொல்லித்தரலாம் என்று அவர் குரலில் அப்படி ஒரு மகிழ்ச்சி. ரொம்ப சந்தோஷம் டீச்சர் என்றேன். மேஜையைத் துடைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். சாப்பிட்டாச்சா என்று மருமகள் கேட்டாள். ஆச்சு என்றேன். அன்று நான் சாப்பிடவில்லை.

இரண்டொரு நாள் கழித்து, வழக்கம்போல் கடைசியாக அவரைக் கூப்பிட்டேன். மணி நெடுநேரம் அடித்தது. எடுத்ததும் எதுவோ தரையில் விழுந்து உருளும் சத்தம். பிறகு அவர் குரல், தரைக்குப் பக்கத்திலிருந்து.

"விழுந்துட்டேன்மா. இடுப்பை அசைக்க முடியல. கண்ணாடி எங்க போச்சுன்னு தெரியல. வயரைப் பிடிச்சு இழுத்து போனைக் கீழ தள்ளிட்டேன். யாரையாவது அனுப்புங்களேன்."

"அனுப்பறேன். நீங்க போனை வைக்காதீங்க. லைனிலேயே இருங்க, டீச்சர்" என்றேன்.

ஏட்டையா எதிர் அறையில் டீ குடித்துக்கொண்டிருந்தார். நான் தலையைத் திருப்பிக் கூப்பிட்டிருந்தால் போதும். கூப்பிடத்தான் நினைத்தேன். ஆனால் கூப்பிட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். வண்டி போகும், ஆஸ்பத்திரியில் சேர்ப்பார்கள், மகள் அன்றைக்கே வந்து நிற்பார், அங்கிருந்தே அழைத்துப் போய்விடுவார். எனக்கு அந்த ஒரு வாரமும் இல்லாமல் போகும். கொஞ்சம் பேசிவிட்டுச் சொல்லலாம் என்று இருந்தேன். டீச்சரும் அன்று பேசிய மாதிரி என்றுமே பேசியதில்லை. செத்துப்போன கணவரைப் பற்றி, மகளிடம்கூடச் சொல்லாததை எல்லாம் சொன்னார். போயிடாதீங்க, போயிடாதீங்க என்று நடுநடுவே கேட்டுக்கொண்டார். என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை, சார். கட்டியவரும் கேட்டதில்லை, பெற்ற பிள்ளையும் கேட்டதில்லை.

பேச்சில் மதியம் தாண்டிவிட்டது. அதற்கப்புறம் போய்ச் சொன்னால், காலையிலேயே ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்களா மாட்டீர்களா? கேட்பீர்கள். நான் என்ன பதில் சொல்வேன்? நனைந்த பிறகு முக்காடு எதற்கு என்பார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. விழுந்து கிடந்தது அவர் மட்டுமில்லை, நானும்தான் என்று தோன்றியது. ஒவ்வொரு மணியும் கழியக் கழிய, சொல்வது இன்னும் கஷ்டமாகிக்கொண்டே போனது. அதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும்.

வீட்டுக்குப் புறப்படும்போது போனை வைக்கவில்லை. ரிசீவரை மேஜை மேல் படுக்க வைத்து, மஞ்சள் சட்டையை மேலே போட்டு மூடினேன். எங்கள் எக்ஸ்சேஞ்சில் கூப்பிட்டவர் வைக்காதவரை லைன் விடுபடாது. எதிர்முனையில் என்ன தட்டினாலும் வேறு எங்கும் போகாது, வெளியிலிருந்து யார் கூப்பிட்டாலும் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்றே சத்தம் வரும். மகள் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார். அம்மா யாருடனோ பேசிக்கொண்டிருக்கிறாள் என்று நிம்மதியாக இருந்துவிட்டாராம். அது தப்பான நினைப்பும் இல்லை.

போகிற வழியில் ஏட்டையாவிடம், டீச்சர் மகள் வீட்டுக்குப் போய்விட்டார், ரோந்தில் அந்த வீட்டையும் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். வெளியூர் போனவர்களுக்கு நாம் செய்கிற சேவைதானே. அவர் மறுகேள்வி கேட்கவில்லை. அவர் என்னை நம்பினார். அவரை நீங்கள் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

மறுநாள் என் போன் சரியில்லை என்று சொல்லி, மற்றவர்களை முன்னறை போனில் விசாரித்து முடித்தேன். பிறகு சட்டையை எடுத்துவிட்டு ரிசீவரைக் காதில் வைத்தேன். மூச்சு கேட்டது. டீச்சர் என்றேன். வந்துட்டாங்களா என்றார். வந்துட்டே இருக்காங்க என்றேன். தாகமாக இருக்கிறது என்றார். வருகிறவர்கள் தண்ணீர் கொண்டு வருவார்கள் என்றேன். கொஞ்ச நேரத்தில் யாரோ கேட்டை ஆட்டுகிறார்கள், பூட்ஸ் சத்தம் கேட்கிறது, கூப்பிடட்டுமா என்று கேட்டார். உங்கள் காவலர்தான் பூட்டை இழுத்துப் பார்த்திருக்கிறார்.

"வேண்டாம் டீச்சர். யாருன்னு தெரியாம குரல் கொடுக்காதீங்க. நம்ம ஆளுங்க வந்தா நானே சொல்றேன்."

அவர் குரல் கொடுக்கவில்லை. பூட்ஸ் சத்தம் போய்விட்டது. நான் சொன்னால் டீச்சர் கேட்பார், அவ்வளவு நம்பிக்கை.

அன்று மாலை அந்த நர்ஸ் நிலையத்துக்கே வந்தாள், வேலை உடுப்போடு. என் மேஜைக்கு எதிரில் நின்றாள். ரிசீவர் மஞ்சள் சட்டைக்கு அடியில், என் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது. டீச்சர் வீட்டில் விளக்கே எரியவில்லை, மனசுக்கு என்னவோ போல இருக்கிறது, வந்து கதவைத் திறந்து பார்க்க முடியுமா என்று கேட்டாள். மகள் வீட்டுக்குப் போயிருக்கிறார், வீடு நம் காவலில்தான் இருக்கிறது என்றேன்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாமயா போனாங்க?" என்றாள்.

"வயசானவங்க மனசு, எப்படின்னு சொல்ல முடியுமா" என்றேன்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். சாவியை வாங்கியபோதே தெரிந்திருக்க வேண்டும் என்று ஏதோ முனகினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். பாவமாகத்தான் இருந்தது. அவள் போனதும் சட்டையை விலக்கி, டீச்சரிடம் அவள் வந்து போனதைச் சொல்லலாமா என்று நினைத்தேன். வீணாக மனதைக் கலக்க வேண்டாம் என்று விட்டுவிட்டேன். அதற்குள் அவர் என்னை ஆபரேட்டரம்மா என்று கூப்பிடுவதை விட்டிருந்தார். மகளைக் கூப்பிடும் செல்லப் பெயரால் கூப்பிட்டார். வந்துட்டியா, வந்துட்டியா என்று மெல்லக் கேட்டார். வந்துட்டேம்மா, பக்கத்துலதான் இருக்கேன் என்றேன். வேறு என்ன சொல்ல முடியும் என்னால்?

அடுத்த நாள் மூச்சு கேட்கவில்லை. என் காது பொய் சொல்லாது. அப்போதுதான் போனை வைத்தேன். பிறகு ஒழுங்கு முறைப்படி புதிதாக எண்ணைச் சுழற்றினேன். மூன்று முறையும் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்ற சத்தம்தான், பதில் இல்லை. உடனே எழுந்துபோய் ஏட்டையாவிடம், டீச்சர் ஊரிலிருந்து திரும்பிவிட்டதாகச் சொன்னார், இன்று போனை எடுக்கவில்லை, வண்டி அனுப்புங்கள் என்றேன். பூட்டு நல்ல பூட்டு, அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது என்று பிறகு சொன்னார்கள்.

எக்ஸ்சேஞ்ச் பதிவில் இரண்டு நாள் விடாமல் ஓடிய அந்த போன் அழைப்பைப் பற்றி நீங்கள் அன்றே கேட்டிருந்தால் அன்றே சொல்லியிருப்பேன். இப்போது கேட்டீர்கள், இப்போது சொல்கிறேன். அவர் விழுந்தது எனக்குத் தெரியும். உதவி அனுப்பாதது நான். வந்த உதவியைத் திருப்பி அனுப்பியதும் நான். சாகும்வரை கேட்டுக்கொண்டிருந்ததும் நான்தான். கொலை என்று எழுதுவதானால் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அநாதையாகக் கிடந்து செத்தார் என்று மட்டும் எழுதாதீர்கள், அது உண்மையில்லை.

காரியங்கள் முடிந்த பிறகு அவர் மகள் என்னைத் தேடி அந்த அறைக்கு வந்தார். அப்போது அவருக்கு எதுவும் தெரியாது. அம்மா போனில் உங்களைப் பற்றித்தான் ஓயாமல் சொல்வார் என்றார். என் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "கடைசி வரைக்கும் அம்மாகூடப் பேச நீங்களாவது இருந்தீங்களே" என்றார்.

அது உண்மைதானே, சார். அதனால் நான் மறுக்கவில்லை.