பிரேக் நன்றாகத்தான் இருந்தது

பிரேக் ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று சொன்னால் யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. வண்டியைப் பளபளவென்று கழுவுவார்கள், சீட்டுக்கு உறை மாற்றுவார்கள், பின்னால் ஒரு இறக்கையை ஒட்டிவைத்து அதைப் பந்தயக் கார் என்பார்கள். அந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்லக் குடிக்கும். சூடேறினால் கொதித்துக் குமிழி விடும். அப்புறம் பெடலை மிதித்தால் பஞ்சு மெத்தையை மிதிக்கிற மாதிரிதான். என் வண்டியில் ஒவ்வொரு பந்தயத்துக்கு முன்னும் புது ஆயில். நான்கு சக்கரத்தின் பிரேக் குழாயிலும் தங்கிய காற்றை வெளியேற்றிவிட்டு, கடைசியில் நானே உட்கார்ந்து மிதித்துப் பார்ப்பேன்.

அதனால்தான் இன்ஸ்பெக்டர் சார், நீங்கள் டைப் அடித்துக் கொண்டுவந்த தாளில் கையெழுத்துப் போட முடியாது என்றேன். "பிரேக் செயலிழந்ததால் நேர்ந்த விபத்து" என்று அதில் இருக்கிறது. உங்களுக்கு நல்ல மனசு. "ஏற்கனவே வீட்டுல ஒரு சாவு. நீங்களும் உள்ள போயிட்டா உங்க தங்கச்சிக்கு யார் இருக்கா? கையெழுத்தப் போட்டுட்டு கிளம்புங்க சார்" என்றீர்கள். நான் வெள்ளைத்தாள் கேட்டேன். உங்கள் முகம் போன போக்கைப் பார்த்தால் எனக்கே சங்கடமாக இருந்தது.

பிழைப்புக்கு எனக்கு மூக்குக் கண்ணாடிக் கடை. மனசு முழுக்க வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஷெட்டில்தான். பழைய இரும்புக் கடைக்குப் போக இருந்த ஒரு சின்னக் காரை வாங்கி, எலும்பும் தோலுமாகப் பிரித்துப்போட்டு, மூன்று வருடம் உட்கார்ந்து பந்தயத்துக்குத் தயார் செய்தேன். முதலில் கிளப் பந்தயங்களில் நானேதான் ஓட்டினேன். ஏழாவது, எட்டாவது என்று வருவேன். வண்டி ஒரு கீறல் இல்லாமல் வீடு திரும்பும்.

பிறகு தங்கைக்குக் கல்யாணமாகி மாப்பிள்ளை வந்தார். ஒருநாள் விளையாட்டாக ஓட்டிப் பார்த்தவர், ஒரு சுற்றை என்னைவிட நான்கு விநாடி முன்னதாக முடித்துவிட்டு வந்து நின்றார். அன்றிலிருந்து ஸ்டியரிங் அவருக்கு, ஸ்பேனர் எனக்கு. இதில் எனக்கு வருத்தம் ஒன்றும் கிடையாது. ஓட்டுவது யாராலும் முடிகிற காரியம். கிளட்ச்சை முழுசாக மிதிக்காமலே கியரைத் திணிப்பார். வளைவுகளில் ஓரக்கட்டை மேல் ஏற்றி இறக்குவார். அவர் மேடையில் கப்பைத் தூக்கிக் காட்டும்போது நான் கீழே குனிந்து நெளிந்துபோன சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருப்பேன். மைக்கில் அவர் என் பேச்சையே எடுத்ததில்லை என்று சொல்ல மாட்டேன். ஒரே ஒருமுறை எடுத்தார்.

போன ஞாயிற்றுக்கிழமை கடைசிச் சுற்றில் முதலாவதாக வந்துகொண்டிருந்தவர், கடைசி வளைவில் திரும்பாமல் நேராகப் போய் டயர் அடுக்கில் முட்டினார். கப் போயிற்று. இறங்கி வந்ததும் யாரோ மைக்கை நீட்டினார்கள். "மச்சான் வேலையில குறை சொல்லக் கூடாதுதான். ஆனா இன்னைக்கு பிரேக் பிடிக்கல" என்றார். அத்தனை பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். ஒரு மெக்கானிக் வந்து தோளைத் தட்டி, "விடுங்க, எல்லார் கையும் ஒரு நாள் தவறும்" என்றார். நான் அப்போதே சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தேன். சூடு மிஞ்சினால் பிரேக் டிஸ்க்கில் ஏறும் நீலம் ஏறவில்லை. பெடல் கல் மாதிரி நின்றது. மாப்பிள்ளை மிதித்தது தாமதம், அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் தன் ஹெல்மெட்டை எடுக்க ஷெட்டுக்கு வந்தார். பின்சுவரில் அலமாரி, அதன் மேல்தட்டில் ஹெல்மெட். நான் வண்டியோடு ஷெட்டுக்கு எதிரே முற்றத்தின் அந்தக் கோடியில் இருந்தேன். இரண்டாம் கியருக்கு வரும்போது அவர் சத்தம் கேட்டுத் திரும்பினார். பம்பர் தொடையில் பட்டுச் சுவரோடு சேர்த்து அழுத்தியது. எலும்பு முறிந்தது வண்டிக்குள் இருந்த எனக்கே கேட்டது. பானெட் மேல் கவிழ்ந்தவர் வைப்பரைப் பிடித்துக்கொண்டு கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். உயிர் இருந்தது. நான் பின்னால் எடுத்தேன். சுவரில் சரிந்து கால்கள் கண்டபடி மடங்கி உட்கார்ந்தார். முதல் கியர் போட்டு மறுபடி போனேன். இந்த முறை மார்பில். கிளட்ச்சைப் பதமாகத்தான் விட்டேன்.

டாக்டர் ஒரே மோதல் என்று எழுதியிருக்கிறாராம். இரண்டு என்று திருத்திக்கொள்ளுங்கள். பெடல் தரை வரை போனதைப் பார்த்து நீங்கள் ஏமாந்தது இயல்புதான். இரண்டாவது மோதலில் வேலை மேஜையின் இரும்புக்கால் முன்சக்கரத்துக்குள் புகுந்து பிரேக் ஆயில் குழாயைக் கிழித்துவிட்டது. அதுவரை எல்லாம் ஒழுங்காகவே இருந்தது.

நேற்று தங்கை வந்து கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றாள். அழுது அழுது குரலே இல்லை. "அண்ணா, பிரேக் பிடிக்கலன்னே சொல்லிடு. அவர்தான் போயிட்டார். எனக்கு நீயாவது இரு" என்றாள். எனக்கு நெஞ்சே உடைந்துவிட்டது. கூடப் பிறந்தவள், எத்தனை இரவு எனக்கு டார்ச் பிடித்தவள், அவள் வாயிலிருந்தும் பிரேக் பிடிக்கவில்லை என்று வருகிறதே. அவள் என்னைப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

மோதலுக்குச் சற்று முன் நடந்ததை இன்னும் எழுதவில்லை. அதையும் எழுதிவிடுகிறேன். ஷெட்டுக்குள் வந்தவரிடம், "அந்தச் சுவர்கிட்ட நில்லுங்க மாப்பிள்ளை, ஒன்னு காட்டறேன்" என்றேன். ஏதோ வேடிக்கை என்று நின்றார். முற்றத்தின் கோடியிலிருந்து வேகமெடுத்து வந்து, அவர் முழங்காலுக்கு ஒரு சாண் முன்னால் நிறுத்தினேன். டயர் கீச்சிட்டது, வண்டி ஆடாமல் நின்றது. "பிடிக்குதா?" என்று கேட்டேன். அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"பிடிக்குது மச்சான், பிரேக்கெல்லாம் நல்லாத்தான் இருக்கு. நான்தான் லேட்டா மிதிச்சேன். அத்தனை பேர் முன்னாடி மானம் போகுதேன்னு வாயில வந்ததைச் சொல்லிட்டேன். அடுத்த வாரம் அதே மைக்கில தப்பு என்னுதுன்னு சொல்லிடறேன், போதுமா?" என்றார். மூச்சு திரும்பியதும் சிரிப்பும் வந்துவிட்டது. ஹெல்மெட்டை எடுக்கத் திரும்பிக்கொண்டே, "ஆனா ஒன்னு மச்சான், நீங்க ஓட்டியிருந்தா அந்த வளைவுல ஒன்னுமே ஆகியிருக்காது. பயத்துல நூறடி முன்னாடியே மிதிச்சிருப்பீங்க" என்றார்.

நான் ரிவர்ஸ் எடுத்து, மறுபடி முற்றத்தின் கோடிக்குப் போனேன்.

அவர்தான் எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டாரே, பிறகு எதற்கு என்று நீங்கள் கேட்பீர்கள். பிரேக்கின் பெயரைக் காப்பாற்றத்தான் சார். வேறு காரணம் எதுவும் கிடையாது. இதை டைப் அடிக்கும்போது கொலை என்றே அடியுங்கள், தெரிந்து செய்தேன் என்றே அடியுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். மாப்பிள்ளை கடைசியாகச் சொன்ன அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துவிடுங்கள்.