ஓடாத முயல்

மேசை மேல் வைத்திருக்கிறீர்களே, அந்தக் கத்தி முயலுக்கு ஆகாது, இன்ஸ்பெக்டர் ஐயா. அதைப் பார்த்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு சாணைக்கல் இருந்தால் கொடுங்கள் என்று கேட்க வாய் வரை வந்துவிட்டது. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், தொழில் புத்தி.

கொஞ்சம் நடந்துகொண்டே பேசலாமா? கதவுப் பக்கம் போக மாட்டேன். வெளியே யாரோ நடக்கிற சத்தம் கேட்கும்போதெல்லாம் தங்கைதானோ என்று தோன்றுகிறது, அதனால் உட்கார முடியவில்லை. அவள் கிளம்பிப் போய்விட்டதாகச் சொன்னீர்கள். போயிருக்க மாட்டாள்.

முயலுக்கு நீளக் கத்தி வேண்டாம். ஆள்காட்டி விரல் அளவு அலகு போதும். முனை மெல்லியதாகவும் பிடி சொரசொரப்பாகவும் இருக்க வேண்டும். ரத்தம் பட்டால் வழவழப்பான பிடி கையில் நிற்காது. எல்லாவற்றுக்கும் மேலே கூர். கூரான கத்தியைக் கண்டு பயப்படுகிறவர்கள் விவரம் தெரியாதவர்கள். கூரான கத்தி சொன்ன பேச்சைக் கேட்கும். மொட்டைக் கத்திக்கு நாம் பலம் கொடுக்க வேண்டும், கொடுத்த பலம் வழுக்கிக்கொண்டு எங்கேயாவது போகும், பெரும்பாலும் மற்றக் கைக்குத்தான். உங்கள் மேசையில் இருப்பது சாக்குக் கட்டிய கயிற்றை அறுக்க நான் வைத்திருந்தது. நீளம், மொட்டை, பிடியும் பிளாஸ்டிக். அதை உங்களிடம் கொண்டுவந்து கொடுத்தது என் தங்கை என்று எனக்குத் தெரியும். அவள் மேல் கோபமில்லை.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை ஒன்று இருக்கிறது. உள்ளே ஒரு சிமெண்டு மேடை, ஒரு குழாய், விட்டத்தில் கொக்கிகள், அவ்வளவுதான் என் ராஜ்யம். பயிரைத் தின்னும் காட்டு முயல்களைத் தோட்டக்காரர்கள் சுட்டோ கண்ணி வைத்தோ சாக்கில் கொண்டுவருவார்கள். நான் உரித்துச் சுத்தம் செய்து சாப்பாட்டுக் கடைகளுக்குக் கொடுப்பேன். முதுகுத் தோலைக் கிள்ளித் தூக்கி ஒரு சின்னக் கீறல். அதில் இரண்டு கை விரல்களையும் விட்டு எதிரெதிராக இழுத்தால் தோல், குழந்தைக்குச் சட்டை கழற்றுவதுபோல் வந்துவிடும். வயிறுதான் பார்த்துச் செய்ய வேண்டிய இடம். கத்தியின் வாயை மேல்நோக்கிப் பிடித்து, அடியில் இரண்டு விரலை அணையாகக் கொடுத்து, தோலை மட்டும் திறக்க வேண்டும். குடலில் கத்தி பட்டால் இறைச்சி பாழ்.

பிறகு ஈரல். ஈரலைப் பார்க்காமல் ஒரு முயலையும் நான் கைமாற்றியதில்லை. நல்ல ஈரல் கருஞ்சிவப்பாகப் பளபளவென்று இருக்கும். பொடி உப்பைத் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள் இருந்தால் அந்த முயலுக்குக் காய்ச்சல். கையில் ஒரு கீறல் இருந்தால் போதும், அது மனிதனுக்கும் ஏறிவிடும். அதனால்தான் கையுறை. அறுக்காமலே கண்டுபிடிக்கவும் ஒரு வழி இருக்கிறது: ஆளைக் கண்டு ஓடாத முயல், கையாலேயே பிடிபடுகிற முயல், அதைக் கத்தியால் தொடக்கூடாது. சுண்ணாம்பு போட்டுப் புதைத்துவிட வேண்டும்.

என் தங்கையின் கணவருக்கு இதெல்லாம் தெரியாது. தபால் அலுவலகத்தில் முத்திரை குத்துகிறவருக்கு எப்படித் தெரியும்? தங்கமான மனிதர், அதை நான் மறைக்க மாட்டேன். கல்யாணமானதிலிருந்து எங்கள் வீட்டில்தான் இருந்தார். என்னை வாய் நிறைய மச்சான் என்பார். குழாயைத் திருகினால் கைப்பிடி கையோடு வரும், அப்படி ஒரு வேலைக்காரர். நானும் அவரும் சாப்பிட உட்கார்ந்தால் தங்கை இரண்டு பேரையும் சேர்த்துத் திட்டுவாள். எனக்கு அது போதுமாக இருந்தது. நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பா அம்மா போன பிறகு அவளை வளர்த்தவன் நான்தான். எலும்பு குத்திவிடுமென்று கறியைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டில் வைத்திருக்கிறேன்.

அவருக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. தங்கை துணிகளை மடிக்கத் தொடங்கினாள். மடித்துக்கொண்டே பாடினாள், ஐயா. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அந்த வீட்டில் நான் மட்டும் இருந்து, என் இருமலை நானே கேட்டுக்கொண்டு கிடக்கப் போகிறேன் என்று பயமாக இருந்தது. கூடத்துக்கும் கொட்டகைக்குமாக நடந்தேன். தீட்டிய கத்தியையே திரும்பத் திரும்பத் தீட்டினேன்.

புது ஊரில் வாடகைக்கு வீடு பார்க்கத் தங்கை போயிருந்த அன்று ஒரு தோட்டக்காரர் சாக்கோடு வந்தார். அதில் இரண்டு முயல்களைத் தனியாகக் கட்டியிருந்தார்.

"இது ரெண்டும் ஓடவே இல்லைண்ணே. சும்மா கையால பிடிச்சுப் போட்டேன்," என்று சிரித்தார்.

அவர் போனதும் கையுறை மாட்டிக்கொண்டு ஒன்றைத் திறந்தேன். உப்புத் தூவிய ஈரல். அதைப் புதைத்தேன். இன்னொன்றையும் புதைக்கத்தான் குழி பெரிதாக வெட்டியிருந்தேன். அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை கொட்டகைக்குள் வந்தார். நான் கூப்பிடவில்லை. இதை நீங்கள் கவனித்து எழுத வேண்டும்.

"மச்சான், ஊரை விட்டுப் போறதுக்குள்ள ஒரு முயலாவது உரிச்சுப் பார்த்துடறேனே. அவ இருந்தா விடமாட்டா."

வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்வது என்பார்களே, அதுதான். நான் அந்த முயலை மேடையில் வைத்தேன்.

"கையுறை?" என்றார்.

"ஒரு ஜோடிதான் இருக்கு மாப்பிள்ளை. பழகுறவங்களுக்கு வெறுங்கைதான் வாகு."

என் கத்தி கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்தார். நான் சாக்குக் கத்தியை எடுத்துக் கொடுத்தேன். முதுகைக் கீறியது போதாமல் அவர் அழுத்தினார், கத்தி வழுக்கி இடது கட்டைவிரலில் ஏறியது. சின்ன வெட்டுதான். அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். ரத்தம் நின்றதும் வேலையைத் தொடர்ந்தார். ஈரலை நான்தான் எடுத்து, அவர் பார்ப்பதற்குள் வாளியில் போட்டேன்.

"அவகிட்ட சொல்லிடாதீங்க மச்சான், கொன்னுடுவா."

"பார்சல் கயிறு அறுத்துடுச்சுன்னு சொல்லிடுங்க," என்றேன். அப்படியே சொன்னார். பெண்டாட்டிக்குப் பயந்தவர்.

சில நாட்களில் காய்ச்சல் வந்தது. விரல் புண்ணாகி, அக்குளில் கட்டி எழும்பியது. மாற்றல் தள்ளிப்போனது. ஒரு மனிதர் கொஞ்ச காலம் படுத்திருந்தால் உலகம் முழுகிவிடாது என்றுதான் நினைத்தேன். தங்கை மடித்த துணிகளைத் திரும்ப அலமாரியில் வைத்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அன்று நன்றாகத் தூங்கினேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்டார்கள், ஆடு, மாடு, காட்டு மிருகம் எதையாவது தொட்டாரா என்று. மாப்பிள்ளைக்கு அப்போதே நினைவு தப்பியிருந்தது. தங்கை என்னைப் பார்த்தாள். அவளுக்கு என்ன தெரியும், பாவம்.

"ஆபீஸ் உத்தியோகம் டாக்டர். முத்திரைக் கட்டையைத் தவிர எதையும் தொடமாட்டார்," என்றேன். அதற்கு ஒரு நர்ஸ் சிரித்தார்.

டாக்டரம்மா இன்னொரு தரமும் கேட்டார்கள். நான் இன்னொரு தரமும் அதையே சொன்னேன். சொன்ன வாக்கை மாற்றுவது என் பழக்கமில்லை. பிறகு நடைபாதையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே இருந்தேன். ஒருவேளை சொல்லிவிடலாம் என்று கதவு வரை போவேன். சொன்னால் அவர் எழுந்து உட்காருவார், தங்கை மறுபடி துணி மடிப்பாள். திரும்பி வந்துவிடுவேன். நான் கால் வலிக்க நடந்ததை யாரும் எழுதிக்கொள்வதில்லை.

அவர் போன பிறகுதான் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. காட்டு முயலிலிருந்து வருகிற காய்ச்சல் என்றும், ஒரு வார்த்தை முன்னாலேயே தெரிந்திருந்தால் வேறு மருந்து கொடுத்துப் பிழைக்க வைத்திருக்கலாம் என்றும் டாக்டரம்மா தங்கையிடம் சொன்னார்களாம். அவள் நேரே கொட்டகைக்கு வந்தாள். என்னிடம் ஒன்றும் கேட்காமல் மேடைக்கு அடியிலிருந்த பெட்டியைத் திறந்தாள். பிரிக்காத கையுறை உறைகள் அப்படியே இருந்தன.

"அவருக்கு எந்தக் கத்தி கொடுத்தே?"

சின்னப் பெண்ணாக இருந்தபோதே என் கத்திகளையெல்லாம் அவளுக்குத் தெரியும். அவளிடம் நான் பொய் சொன்னதில்லை. காட்டினேன்.

"அவருக்குப் பழக்கமில்லைம்மா. அதான் கூரில்லாததாப் பார்த்துக் கொடுத்தேன்," என்றேன்.

"நீ பிடிச்ச முயலுக்கு எப்பவும் மூணு கால்தான் அண்ணா," என்றாள். அழவில்லை. கத்தியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

சரி, எழுதிக்கொள்ளுங்கள். நோய்பட்ட முயல் என்று தெரிந்தே கொடுத்தேன். கை வெட்டுப்படும் என்று தெரிந்தே அந்தக் கத்தியைத் தேர்ந்தெடுத்தேன். கேட்டபோது சொல்லியிருந்தால் பிழைத்திருப்பார், சொல்லவில்லை. மாப்பிள்ளையைக் கொன்றது நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள்.

அதற்கு முன்னால் அந்தக் கதவை மட்டும் திறங்கள், ஐயா. மறுபடியும் காலடிச் சத்தம் கேட்கிறது. எவ்வளவு நேரமாக வாசலில் நிற்கிறாளோ, சாப்பிட்டாளோ இல்லையோ. உள்ளே வரச் சொல்லுங்கள். பாவம், இனிமேல் அவளுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?