பன்னெண்டு சட்டித் தண்ணி

பாத்து வாங்க சார், கால அந்தச் சட்டியில வெச்சிடாதீங்க. தண்ணி இருக்குது. இப்பிடிச் சுத்தி வந்து கட்டில்ல உக்காருங்க. பள்ளிக்கூடத்து வாத்தியாரு எங்க வூட்டுப் படி ஏறறதே ஜனத்தொக கணக்கெடுக்கறப்பதான், பத்து வருசத்துக்கு ஒருக்கா. வந்ததும் வராததுமா வூட்டுல எத்தன பேருன்னு கேட்டா எப்பிடிங்க? அதக் கடசியில எழுதிக்கலாம். எடம் வுட்டு வெய்யுங்க.

பேரு சவரிராயன். வயசு முப்பத்தெட்டு. வேதக்காரங்க, ஆர்.சி. கண்ணாலம் ஆயிடுச்சுங்க, அத நல்லா அழுத்தி எழுதுங்க. ஒம்பது வருசம். புள்ளைங்க இல்ல, அந்தக் கட்டத்துல ஒரு கோடு போட்டுடுங்க. ஆங், தொழிலு. போன வருசம் பூரா என்ன வேல செஞ்சேன்னா கேக்கறீங்க? அங்கதான் சார் செரமம். அந்த ஆணியில மாட்டியிருக்கற கோயில் காலண்டர எடுங்க. இந்த வருசத்துது இல்ல, அதுக்கு அடியில இருக்கறது, எழுவதாம் வருசத்துது. திருப்பிப் பாருங்க.

என் கையெழுத்துதான். வருசாவருசம் சனவரி ஒண்ணாந்தேதி பூசை முடிஞ்சு வந்ததும் இந்த வருசம் என்னென்ன செய்யறதுன்னு காலண்டர் முதுகுல எழுதிப்புடுவேன். ஊருல வேற எவனுக்கும் இந்தப் பழக்கம் இல்ல. எனக்குப் பின்னால சிரிப்பானுங்க. சிரிக்கட்டும், அவனுங்க செஞ்சு கிழிச்சது எனக்குத் தெரியாதா.

மொதலாவது என்ன போட்டிருக்குது? பொடி போடறத நிறுத்தறது. நிறுத்திட்டேன் சார். நாலு தடவ நிறுத்திட்டேன். இப்ப தவசு காலம், அதனால அஞ்சாவது தடவையும் நிறுத்தியிருக்கறேன்.

ரெண்டாவது, பரிசல். சிரிக்காதீங்க. ஏரியில மீனு துள்ளிட்டிருந்த நேரம் அது. ஒரு பரிசல் இருந்தா மீனும் புடிக்கலாம், ஏரிக்கு அந்தாண்ட போறவங்களையும் ஏத்தி எறக்கலாம்னு கணக்குப் போட்டேன். ஒகேனக்கல்லுக்கு பஸ்ஸேறிப் போயி, பரிசக்காரங்களோடவே எட்டு நாளு தங்கி, மூங்கிப் பத்த வளைக்கறதுலருந்து தோலு தெக்கற வரைக்கும் கத்துக்கிட்டு வந்தேன். அருவிக்குப் பக்கத்துலயே வறுத்த மீனு விக்கறாங்க சார், அடடா, அந்த ருசி. இங்க வந்து ரெண்டு மாசம் பாடுபட்டேன். நான் தாரு பூசி முடிச்ச அன்னிக்கு ஏரிக்குள்ள மாடு மேஞ்சிட்டிருந்துச்சு. ஒரு சொட்டு தண்ணி இல்ல. வரும்போது கொல்லையில பாத்திருப்பீங்களே, கவுத்து வெச்சிருக்குதே. இப்ப அதுக்குள்ள கோழி அடையுது. கோழிக்கு நல்ல வசதிங்க.

மூணாவதக் கேக்கறீங்களா? அதுதான் இந்த ஸ்டேண்டு. பட்டுப்பூச்சி. தேன்கனிக்கோட்டப் பக்கம் மாதையன்னு ஒருத்தரு, வூட்டுல கன்னடம் பேசறவங்க, அவருதான் சொல்லிக் குடுத்தாரு. கெணத்தோரம் அரை ஏக்கரா மல்பெரி அதுக்கு முந்தின வருசமே நட்டாச்சு. முட்ட வாங்கிட்டு வந்து, மூணு ஸ்டேண்டு அடிச்சு, தட்டு தட்டா அடுக்கினோம். பூச்சின்னா சும்மா இல்ல சார், கலெக்டரு மாதிரி. ஒரு வாசன ஆவாது. பொடி ஆவாது, சாம்பிராணி ஆவாது, பவுடரு ஆவாது, மல்லியப்பூ ஆவாது. முக்கியமா தாளிக்கவே கூடாது. கடுகு வெடிச்ச பொகை பட்டா பூச்சி திங்காம படுத்துக்கும்னு மாதையன் சொன்னாரு. அதனால வூட்டுக்குள்ள பூச்சி, புளியமரத்தடியில எம் பொண்டாட்டி ராயம்மா. அடுப்பு, சட்டி பான, எல்லாம் வெளிய. அங்கயும் காத்து இந்தப் பக்கம் அடிச்சா தாளிக்க வுட மாட்டேன். ஒரு மாசத்துக்குக் கிட்ட தாளிக்காத கொழம்பு. நான் தின்னேங்க, கொற சொல்லவேயில்ல.

கடசி வாரத்துல பூச்சி எல திங்கற சத்தம் இருக்குதே, மழ பேயற மாதிரி இருக்கும். போன வருசம் இந்த ஊருல மழச் சத்தம் கேட்டது எங்க வூட்டுக்குள்ள மட்டும்தான்.

அப்பப் பாத்து அவ தம்பி கொழந்தைக்கு ஞானஸ்நானம். இவதான் ஞானத்தாய். நான் சொன்னேன், கொழந்த எங்கயும் ஓடிடாது, பூச்சி கூடு கட்டட்டும், அடுத்த ஞாயித்துக்கெழம வெச்சிக்கச் சொல்லுன்னு. ஞாயந்தான சார்? அவ மறுநாளு காலையில எல அறுத்துப் போட்டுட்டு, பொடவ மாத்திக்கிட்டுப் போயிட்டா. போகும்போது ஏதோ சொன்னாளாம். பக்கத்து வூட்டு மாதம்மா காதுல வுழுந்திருக்குது. எங் காதுல வுழல, நான் பூச்சியப் பாத்துட்டிருந்தேன்.

நாலு நாளு ஒண்டியா நின்னேன் சார். எல அறுத்தேன், போட்டேன், பீய வாரினேன். அவ இல்லாமயே நடக்குதுன்னு மீசைய முறுக்கிக்கிட்டேன். அஞ்சாம் நாளு காலையில எந்திரிக்கறேன், மழச் சத்தம் இல்ல. தட்டுல பாத்தா ஒரே செவப்பு. எறும்பு சார். மூணு ஸ்டேண்டுலயும். ஒரு பூச்சி மிச்சம் இல்ல.

நீங்க காலு வெக்கப் பாத்தீங்களே, அந்தச் சட்டி. ஸ்டேண்டுக் காலு ஒவ்வொண்ணும் தண்ணிச் சட்டிக்குள்ள நிக்கணும், எறும்பு ஏறாம. மூணு ஸ்டேண்டுக்குப் பன்னெண்டு காலு, பன்னெண்டு சட்டி. ஸ்டேண்டு அடிச்ச அன்னிக்கு நாந்தான் ஊத்தினேன். அதுக்கப்புறம் அது எப்பவும் ரொம்பியே இருந்துச்சு. வெச்ச தண்ணி அப்பிடியே இருக்கும்னு நெனச்சிட்டேன் சார். வெய்யக் காலத்துல ரெண்டு நாளுல வத்திடும்னு யாருக்குத் தெரியும்? மாதம்மாகிட்ட அப்புறந்தான் கேட்டேன், அவ போகும்போது என்ன சொன்னான்னு. சட்டிக்குத் தண்ணி ஊத்தச் சொல்லுன்னுதான் சொல்லிட்டுப் போனாளாம்.

நாலாவதப் படிக்காதீங்க சார். சரி, படிச்சிட்டீங்க. ராயம்மாள ஒகேனக்கல் கூட்டிட்டுப் போறது. அறுவத்தொம்பது காலண்டர்லயும் அதான் நாலாவது. அறுவத்தெட்டுலயும் அதான். அவ கேட்டது மொத்தமே அந்த ஒண்ணுதான். நான் எட்டு நாளு தங்கி மீனு தின்னுட்டு வந்தேன் பாருங்க, அப்பக்கூட அவளக் கூட்டிட்டுப் போகணும்னு தோணல. வேலையாப் போறோமேன்னு இருந்துட்டேன். மடையன்னு தொழிலு இருந்தா அதையே எழுதிக்கங்க.

ஒம்பது மாசமாச்சு. அவ திரும்பி வரல. போயிக் கூப்பிடலியாங்கறீங்களா? எந்த மொகத்தோட போறது? ரெண்டு மைலுதான். ஏரிக்கு அந்தாண்ட புதூரு, அவ அம்மா வூடு. காஞ்ச ஏரியில செருப்பு கூட இல்லாம நடந்து போயிடலாம். அந்த ஏரியத் தாண்டத்தான் நான் பரிசல் செஞ்சேன். கரை வரைக்கும் பத்துத் தடவ போயிருப்பேன், அங்கயே நின்னுட்டு வந்துடுவேன்.

இந்த வருசத்துக் காலண்டரா? அதுல ஒண்ணே ஒண்ணுதான். அந்த நாலாவத மேல ஏத்திட்டேன். பூச்சி இல்ல, தட்டு காலியாத்தான் கெடக்குது, ஆனா சட்டிக்கு மட்டும் தெனம் தண்ணி ஊத்தறேன். என்னமோ, பழகட்டும்னு.

சரிங்க, கேட்டதுக்கு வர்றேன். அதுக்கு முந்தி ஒண்ணு. நேத்து நீங்க அந்தப் புதூர்லதான் எழுதினீங்களாமே? வாசல்ல முருங்க மரம், மிக்கேலம்மான்னு ஒரு வயசானவங்க. எங்க மாமியாரு. நீங்க வருவீங்கன்னு தெரிஞ்சுதான் சார் காலையிலருந்து வேலைக்குப் போகாம உக்காந்திருக்கறேன். அங்க எத்தன பேருன்னு சொன்னாங்க? வெளிய சொல்லக்கூடாதா? உங்க வேலைக்குக் கேடு வர வேணாம், பேரு வேணாம், எண்ணிக்க வேணாம். ராயம்மா அந்த வூட்டுக் கணக்குல இருக்கறாளா இல்லியா, அது மட்டும். தலைய ஆட்டினாப் போதும். அதத் தெரிஞ்சிக்கிட்டா நான் இங்க ஒண்ணா ரெண்டான்னு சொல்லிப்புடுவேன்.

ஆட்ட மாட்டீங்க. சரி, வுடுங்க. ரூல்ஸுன்னா ரூல்ஸுதான். எழுதிக்கங்க, இந்த வூட்டுல...

இருங்க சார். நான் இன்னும் சொல்லவேயில்லியே. அது ரெண்டுங்களா? கண்ணு கொஞ்சம் மங்கலாத் தெரியுது, செத்த இப்பிடித் திருப்புங்க. ரெண்டுதான். ராயம்மாள், முப்பத்தொண்ணு.

அவ வயச நான் சொல்லலியே சார்.

கெளம்பிட்டீங்களா? ஒரு வாய் வரக்காப்பியாச்சும் குடிச்சிட்டுப் போங்க. இல்லன்னா ஒரு நிமிசம் இருங்க, சட்டய மாட்டிக்கிட்டு நானும் ஏரிக்கரை வரைக்கும் வர்றேன். கரையத் தாண்டியும் கொஞ்சம் போக வேண்டியிருக்குது. வழியில பச்சியப்பன் கடையில ஒரு நிமிசம் நிக்கணும். வூட்டுல கடுகு வாங்கி ஒம்பது மாசமாச்சு.