கொன்றவனின் அழகான பேச்சு

ஊட்டியிலிருந்து கோத்தகிரி போகும் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் இரண்டு கல்லூரி ஆசிரியைகள் உட்கார்ந்திருந்தார்கள்.

"இனிமே அந்த நாடகத்த என்னால கிளாஸ்ல நடத்த முடியாதுங்கக்கா" என்றாள் இளையவள்.

"எது? சந்தேகப்பட்டுப் பொண்டாட்டியக் கொல்றானே, அந்தப் பழைய இங்கிலீஷ் நாடகமா?"

"அதேதானுங்க. கொன்னுட்டு அவன் அழுதுட்டே பேசறதப் படிச்சுக் காட்டினேன். எவ்வளவு அழகான பாஷை, எவ்வளவு பெரிய மனசுன்னு சொன்னேன். எஸ்டேட்ல இருந்து வர்ற புள்ள ஒண்ணு எந்திரிச்சுது. 'எங்கப்பாவும் கோர்ட்டுல இப்படித்தாங்க மிஸ் அழுதாரு. எங்கம்மா மேல உசுரையே வெச்சிருந்தேன்னாரு. கேட்டவங்களுக்கெல்லாம் அவரு மேல பாவமாப் போச்சு'ன்னுச்சு."

மூத்தவள் ஜன்னல் கண்ணாடியை இழுத்துச் சாத்தினாள். "அய்யோ. நீ என்ன சொன்ன?"

"உக்காரும்மான்னேன். உக்காரலீங்க. 'அவன் இவ்வளவு பேசறானே, செத்தவ என்ன சொல்றா மிஸ்?'னு கேட்டுச்சு. புத்தகத்தப் பொரட்டிப் பார்த்தேன். அவன் அப்படிப் பேசறப்ப அவ கட்டில்ல பொணமாக் கெடக்கறாக்கா. ஒரு வரிகூட இல்லைன்னேன்."

"அப்புறம்?"

"'எங்கம்மாவுக்காகவும் அங்க யாரும் பேசலீங்க மிஸ்'னு சொல்லிட்டுப் பைய எடுத்துட்டுப் போனவதான். இன்னும் காலேஜுக்கு வரலீங்க."