தாய்வழி இறங்கிய கறுப்பு

அன்று தறிக்கொட்டகையில் ராஜவேலுவாகிய நான், என் மகன் தமிழ்வேந்தன், என் தங்கை அம்சவேணியின் மகன் கார்முகிலன், காதுகேளாமை பற்றி ஆராய வேலூரிலிருந்து வந்த மாணவி கவிப்ரியா, ஆக நான்கு பேர் இருந்தோம். அந்தப் பெண் காபிக்குச் சர்க்கரை வேண்டாம் என்றாள். இன்ஸ்பெக்டர் ஐயா, நான் செவிடன் என்பதால் கேள்வியை எழுதிக் கொடுத்தீர்கள். நானும் எழுதியே தருகிறேன்.

முப்பது வயதில் காசநோய்க்குப் போட்ட ஊசியில் என் காது போயிற்று. அதற்கு முன் குடியாத்தத்தில் என் காதுக்கு ஒரு மரியாதை இருந்தது. தெருவில் போகும்போதே எந்த விசைத்தறியில் என்ன கோளாறு என்று சொல்லிவிடுவேன். அது என் மகனுக்கு வரவில்லை. தங்கை மகனுக்கு வந்தது. மாமன் காது மருமகனுக்கு வந்துவிட்டது என்று ஊரே பேசியது. என்னைப் புகழ்வதாக நினைத்துத்தான் பேசினார்கள்.

அன்றும் அவன் கொட்டகையின் மறுகோடியில் நின்று என் மகனைச் சீண்டிக்கொண்டிருந்தான். தறிக்காரர்கள் இரைச்சலில் உதட்டைப் பார்த்தே பேசுவோம். எனக்கு அது போதும்.

“மச்சான், ஆறாவது தறி இருமுது. கேக்கலியா உனக்கு?”

“எனக்கு எல்லாம் ஒரே சத்தம்தான்டா. இன்னா பண்ணணும், அத்த சொல்லு.”

என் மகன் சிரித்தான். அவன் சிரித்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

கவிப்ரியா என் ரத்தப் பரிசோதனை முடிவைக் கொண்டுவந்திருந்தாள். ஆணுக்குச் சதுரமும் பெண்ணுக்கு வட்டமும் வரைந்து, குறை உள்ளவர்களைக் கறுப்பாக நிரப்பினாள். பெரும்பாலானவை அப்பாவிடம் பாதி, அம்மாவிடம் பாதி என்று வரும். ஊசியால் காது போகும் இந்தக் குறை அந்தக் கணக்கில் சேராது, தாய் வழியாக மட்டுமே இறங்கும் என்றாள். என் அம்மா கறுப்பு. நானும் தங்கையும் கறுப்பு. தங்கையின் இரண்டு பிள்ளைகளும் கறுப்பு. என் சதுரத்துக்குக் கீழே வெள்ளை.

நல்ல செய்தி என்றாள். வீட்டுக்கு மூத்தவன் நான். குறைகூட என் வழியில் இறங்காமல் தங்கை வழியில் இறங்கியிருக்கிறது.

“காதோட கூர்மையும் இப்டித்தான் எறங்குமாம்மா?”

“அது பழக்கம் ஐயா. ரத்தத்துல தேடினா கெடைக்காது.”

படித்தவள்தான். ஆனால் சின்னப் பெண்.

ஓர் அட்டை கொடுத்தாள். இந்த வகை ஊசிகள் இந்தக் குடும்பத்துக்கு ஆகாது, போட்டால் காது போய்விடும் என்று மருந்துப் பெயர்களோடு இருந்தது.

“உங்க தங்கச்சியையும் பிள்ளைங்களையும் நான் நேர்ல பாக்கணும்.”

“குடும்ப விஷயம்மா. பெரியவன் நான் சொல்லிக்கிறேன்.”

“அதோ நிக்கிறாங்களே, அவங்க?”

“ரெண்டும் எம் பசங்கதான்.”

தங்கை மகனை அப்படிச் சொல்வது எங்கள் வழக்கம். பொய் என்று யாரும் சொல்ல முடியாது.

தங்கை மகள் மேகலாவுக்கு அப்போது ஆம்பூரில் வரன் பேசிக்கொண்டிருந்தோம். விஷயம் வெளியே போனால் யார் பெண்ணெடுப்பார்கள்? குடும்ப மானத்தைக் காக்க அட்டையைப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். மாசியில் மேகலாவின் கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. அதன் பிறகும் நான் அதை வெளியே எடுக்கவில்லை.

ஆடியில் கார்முகிலனின் கை தறியில் சிக்கிச் சீழ் பிடித்தது. நர்சிங்ஹோமில் சேர்த்தோம். தங்கை மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்குப் போயிருந்த நேரத்தில் டாக்டர் சுஹேல் அகமது மருந்துச் சீட்டு எழுதினார். எட்டிப் பார்த்தேன். அட்டையில் முதலில் இருந்த பெயர்.

ஏழாம் நாள் காலையில், “மாமா, கரண்ட் போய்ட்சா? ஒரு தறி சத்தமும் வரலியே” என்று கேட்டான். ஜன்னலுக்கு வெளியே எதிர்க் கொட்டகையில் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன.

இப்போது உதட்டைப் பார்த்துப் பேச அவனை நான்தான் பழக்குகிறேன். சீக்கிரம் கற்றுக்கொள்கிறான்.

கவிப்ரியா புகார் கொடுத்ததில் எனக்கு வருத்தமில்லை. ஆனால், குடும்பத்தில் காதுக்கோளாறு உண்டா என்று விசாரிக்காமலே டாக்டர் ஊசி போட்டுவிட்டார் என்று ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. அது தவறு. அவர் விசாரித்தார். என் காது எப்படிப் போனது என்று என்னிடம் இரண்டு முறை கேட்டார். தறிச் சத்தத்தில் போனது என்று இரண்டு முறையும் நான்தான் சொன்னேன்.