விமானத்துக்கு எதுக்கு ரெண்டு பேர்?

பால்டோ: …இன்னொரு டன் போடச் சொல்லு.

மிர்ணா: கேப்டன், ஏற்கெனவே ரெண்டு தடவை கூட்டியாச்சு. எரிபொருள் வண்டிக்காரன் என்னைப் பாத்து முறைக்கிறான்.

பால்டோ: முறைக்கட்டும். டுப்ரோவ்னிக்ல விமானத்தை அவனா இறக்கப் போறான்?

மிர்ணா: போய்ச் சேர்றதுக்கு இருக்கு. அங்க இறங்க முடியலன்னா மாத்து ஏர்போர்ட்டுக்குப் போக இருக்கு. அதுக்கும் மேல அரை மணி நேரம் வட்டமடிக்க இருக்கு. விதி கேக்குறது எல்லாம் இருக்கு, கேக்காததும் இருக்கு.

பால்டோ: மாத்து ஏர்போர்ட் எது போட்டிருக்காங்க?

மிர்ணா: ஸ்பிளிட்.

பால்டோ: நல்லா போட்டாங்க! மலையில இருந்து புரா காத்து இப்படி இறங்குற அன்னிக்கு ஸ்பிளிட்டா? நம்மளை டுப்ரோவ்னிக்ல உருட்டுற காத்து, அங்க மட்டும் தாலாட்டுமா?

மிர்ணா: நானும் அதான் சொல்ல வந்தேன். கடலைத் தாண்டி பிரிந்திசி போட்டுக்கலாம். இத்தாலிப் பக்கம் காத்து சாது.

பால்டோ: போடு. ஸ்பிளிட்டும் இருக்கட்டும். வழியில… ஜாதர் எப்படி?

மிர்ணா: வழியிலயா? நாம என்ன பஸ்ஸா ஓட்டுறோம், ஊருக்கு ஊர் நிறுத்த?

பால்டோ: சும்மா கேட்டேன்மா. எங்க வேணா சட்டுனு இறங்க முடிஞ்சா நல்லதுதானே… இரு, வந்துடுறேன்.

மிர்ணா: மறுபடியுமா?

பால்டோ: என் வயசு வரட்டும், உனக்கும் தெரியும்.

…

மிர்ணா: வந்துட்டீங்களா? என்ன, முகமெல்லாம் ஈரம்?

பால்டோ: கழுவினேன். நீ ஏன் அந்த பன்னைத் தொடாம வச்சிருக்க? தினம் ரெண்டு முழுங்குவியே.

மிர்ணா: காத்தை நெனச்சா இறங்க மாட்டேங்குது.

பால்டோ: சாப்பாட்டுக்குப் பேர்போன ஸ்லவோனியாக்காரிக்குச் சாப்பாடு இறங்கலையா! பேப்பர்ல போடணும்டி இதை.

மிர்ணா: போடுங்க, போடுங்க. உங்க டீ ஆறுது பாருங்க.

பால்டோ: இது உடம்புக்கு முடியாதவங்க குடிக்கிற சாமந்திப்பூ டீ ஆச்சே. நான் கேக்கவே இல்லையே.

மிர்ணா: எனக்கு வாங்கினேன்… அப்படியே உங்களுக்கும் ஒண்ணு. குளிருக்கு நல்லது.

பால்டோ: ம்… நல்லதுதான்.

மிர்ணா: அந்தப் பெரிய பையில என்ன, திருநாள் கொடியா?

பால்டோ: கொடி ஊர்ல சர்ச்சுல இருக்கு. இது உடுப்பு. சிவப்புத் தொப்பி, பூவேலை செஞ்ச சட்டை, எங்க அப்பா கட்டின இடுப்புக் கச்சை. எத்தனை வருஷமா கேட்டேன் தெரியுமா? "நீ வானத்துல சுத்துறவன் பால்டோ, உன்னை நம்பி எப்படிக் கொடியைக் கொடுக்குறது"ன்னே சொல்லிட்டிருந்தாங்க. இந்த வருஷம்தான் மனசு வந்துச்சு.

மிர்ணா: உங்க ஊர் புனித வ்லாஹோ திருநாளும் அதுவுமா புராவா வரணும்?

பால்டோ: அவர் திருநாள் அன்னிக்கு என்னைக்கு வெயில் அடிச்சிருக்கு? இறங்கினதும் தம்பி கார்ல நிப்பான். அப்படியே போய் உடுப்பை மாத்திட்டு, மத்தியானத்துக்கு முன்னாடி ஊர்வலத்துல கொடியோட நிக்கணும். நிக்கலன்னா வேற ஒருத்தன் தூக்குவான். அப்புறம் நான் ஊருக்குள்ள தலைகாட்ட முடியாது… ஆமா, இன்னிக்கு ரிசர்வ்ல யாரு?

மிர்ணா: ஏன் கேக்குறீங்க?

பால்டோ: ஏன்னா? கேக்கக் கூடாதா?

மிர்ணா: யாருமில்ல. பாதிப்பேரு காய்ச்சல்ல படுத்தாச்சு. வேற விமானி வேணும்னா வியன்னாவுல இருந்து திரும்புறவங்கதான். மத்தியானத்துக்கு மேல ஆகும்.

பால்டோ: மத்தியானத்துக்கு மேல.

மிர்ணா: ஆமா… நானும் காலையில விசாரிச்சேன்.

பால்டோ: நீ எதுக்கு விசாரிச்ச?

மிர்ணா: சும்மாதான்.

நதா: உள்ள வரலாமா? கேப்டன், கேபின் தயார். பயணிகளை ஏத்தலாமா? எல்லாம் திருநாளுக்குப் போற கூட்டம். "கொடி தூக்குற கேப்டனா ஓட்டுறாரு"ன்னு ஒரு அம்மா கேட்டுக் கேட்டுப் பூரிச்சுப் போறாங்க.

பால்டோ: அஞ்சு நிமிஷம் நதா.

நதா: ரெண்டு பேருக்கும் என்னாச்சு? சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருக்கீங்க.

மிர்ணா: லைட்டு அப்படி இருக்கு. நீ போ, கூப்பிடுறோம்.

பால்டோ: …மிர்ணா.

மிர்ணா: சொல்லுங்க.

பால்டோ: இன்னிக்கு இறக்குறதை நீ பண்ணேன்.

மிர்ணா: நானா? விதி மறந்து போச்சா? பக்கவாட்டுல இருந்து இவ்வளவு காத்து அடிச்சா கேப்டன் கைதான் இறக்கணும். துணை விமானிக்கு அனுமதி இல்ல.

பால்டோ: சரிதான்… கேப்டனுக்கு முடியலன்னா?

மிர்ணா: முடியலன்னா துணை விமானி இறக்கலாம். ஆனா அது மேல போன பிறகு முடியாமப் போறது. தரையிலயே முடியலன்னா ஏறவே கூடாது. ஏன் கேப்டன்? என்னைப் பாத்துச் சொல்லுங்க.

பால்டோ: வயிறு.

மிர்ணா: என்னது?

பால்டோ: விடியறதுக்கு முன்னாடி ஆரம்பிச்சுது. நேத்து ராத்திரி தின்ன சிப்பி… நீ சிரிப்ப, தெரியும்.

மிர்ணா: சிரிக்கல.

பால்டோ: சிரியேன்! கடலோரத்துல பொறந்துட்டு, மலைக்கு இந்தப் பக்கம் ஜாக்ரெப்ல உக்காந்து சிப்பி கேட்டேனே, எனக்கு வேணும். நல்ல வேளை, நான் போன் பேசிட்டு வர்றதுக்குள்ள வெயிட்டர் தட்டை எடுத்துட்டுப் போயிட்டான், நீதானே சொன்ன. இல்லன்னா முழுசையும் தின்னு இந்நேரம் ஆஸ்பத்திரியில கெடந்திருப்பேன்.

மிர்ணா: …எழுந்ததும் சொல்லியிருக்கணும் நீங்க.

பால்டோ: சொன்னா? கொடி போச்சு. எனக்குப் பயமா இருக்குடி. ஏறவும் பயம், ஏறாம நிக்கவும் பயம். வேலைக்கு வந்த நாள்ல இருந்து ஒரு தடவைகூட இப்படி மறைச்சதில்ல. சத்தியமா.

மிர்ணா: அப்ப இன்னிக்கு மட்டும் எந்தத் தைரியத்துல…

பால்டோ: உன் தைரியத்துலதான்! விமானத்துக்கு எதுக்கு ரெண்டு பேர் வச்சிருக்காங்க? ஒருத்தன் சாஞ்சா இன்னொருத்தர் இருக்கணும்னுதானே. அதுக்குத்தானே நம்ம ரெண்டு பேரும் ஒரே சாப்பாடு சாப்பிடக் கூடாதுன்னு விதி. முந்தின நாள் ராத்திரி சாப்பாட்டுலகூட நான் அதை மீறினதில்ல. நேத்தும் எனக்குச் சிப்பி, உனக்குக் கோழி. என் வயிறு கவுத்தாலும் உன் வயிறு நிக்கும். நீ அருமையா இறக்குவ, எனக்குத் தெரியும். போனவாட்டி அந்த மழையில எப்படி வச்ச! பூ வைக்கிற மாதிரி… ஏன் முகத்தைத் திருப்புற? கோவமா? திட்டு. திட்டிட்டு, இறக்குறேன்னு ஒரு வார்த்தை சொல்லு. நதா காத்துட்டிருக்கா.

மிர்ணா: நேத்து போன் பேச எழுந்தப்ப என்னை என்ன சொல்லிட்டுப் போனீங்க? ஞாபகம் இருக்கா?

பால்டோ: என்ன சொன்னேன்… ஆங், "சிப்பியைக் கண்டு பயப்படுறவ புராவுல எப்படி இறக்குவா"ன்னேன். கிண்டல்தானே. அதுக்கா இவ்வளவு மூஞ்சி?

மிர்ணா: உங்க தட்டை வெயிட்டர் எடுக்கல கேப்டன். எனக்கு ரோஷம் வந்துடுச்சு. மிச்சத்தை ஒண்ணு விடாம நான்தான் தின்னேன், வெயிட்டர்னு பொய் சொன்னேன். விடிஞ்சதுல இருந்து எனக்கும் அதே கதிதான். கொடியை நெனச்சு, கேப்டன் இருக்காரே, அவர் இறக்கிடுவாருன்னு உங்களை நம்பித்தான் நானும் வாயைத் திறக்கல… போனை எடுங்க. ஒரு விமானி இல்ல, ரெண்டு விமானி வேணும்னு சொல்லுங்க.